பதினான்கு ஜெர்சி, பதினான்கு ஊர்: லாங் பஜார் ஜெர்சி பாய் கடை

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. வேலூர் லாங் பஜாரில் பாத்திரக் கடைகளைத் தாண்டியதும் ஒரு குறுகிய சந்து பிரியும். அதில் இரண்டாவது மாடிப்படி. பாதிப் படி ஏறும்போதே தையல் மிஷின் சத்தம் கேட்கும், சூடான பிளாஸ்டிக் வாசனை வரும். அதுதான் அடையாளம். வழி தெரியாவிட்டால் சந்து முனையில் ‘ஜெர்சி பாய் கடை’ என்று கேளுங்கள், யாராவது கை காட்டிவிடுவார்கள். காட்பாடியிலிருந்து வருபவர்கள் ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தே போய்விடலாம். வண்டியில் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது.

நான் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பெண்கள் கால்பந்து அணி வைத்திருக்கிறேன். ஆறு வருஷமாக எங்கள் பிள்ளைகள் அண்ணன் போட்டுக் கழித்த டீ-ஷர்ட்டில்தான் ஆடினார்கள். குறுவட்டப் போட்டிக்குப் போனால் எதிரணி ஒரே நிறத்தில் வரிசையாக நிற்கும். எங்கள் பக்கம் ஆளுக்கு ஒரு கலர், அதற்கு மேல் அணி அடையாளத்துக்கு மாட்டும் கையில்லாத மேல்சட்டை, மங்கிப்போன ஒரு பிப். இந்த வருஷம் பழைய மாணவிகள் நாலைந்து பேர் சேர்ந்து பணம் அனுப்பினார்கள். என் பங்கையும் போட்டு ஏழாயிரம் தேறியது. பதினான்கு பேருக்கு ஜெர்சியும் ஷார்ட்ஸும் எடுக்க வேண்டும்.

ஆன்லைனில் விசாரித்த இரண்டு இடங்களில் குறைந்தது 25 பீஸ் என்றார்கள். இன்னொரு இடத்தில் எத்தனை வேண்டுமானாலும் தருகிறோம், ஆனால் தமிழ் எழுத்து போட முடியாது என்றார்கள். எனக்குத் தமிழ் எழுத்துதான் முக்கியம். முதுகில் பிள்ளையின் பெயரும் நம்பரும். இடது கையில் ‘கேஷி’. முதுகின் அடி விளிம்புக்கு இரண்டு விரல் மேலே, சின்ன எழுத்தில் ஓர் ஊரும் ஒரு வருஷமும். ஒவ்வொரு ஜெர்சிக்கும் வேறு ஊர். பதினான்கும் நைஜீரியாவின் கால்பந்து கேப்டனாகவும் பின்னால் பயிற்சியாளராகவும் இருந்த ஸ்டீபன் கேஷியின் வாழ்க்கையில் வந்த ஊர்கள்.

நைஜீரியாக்காரர் பெயர் எதற்கு, நம் ஊரில் ஆள் இல்லையா என்று ஸ்டாஃப் ரூமிலேயே கேட்டார்கள். சொல்கிறேன். என் அப்பா கம்மவான்பேட்டைக்காரர். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர் அது. எண்பதுகளின் கடைசியில் அவருக்குக் கல்கத்தாவில் போஸ்டிங். அங்கே சிமா ஒகோரி ஆடுவதைப் பார்த்திருக்கிறார். முகமதன் ஸ்போர்ட்டிங், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்று கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புக்கும் ஆடிய நைஜீரியர் அவர். லீவில் வரும்போதெல்லாம் அப்பா அவரைப் பற்றித்தான் பேசுவார். அதனால் எங்கள் வீட்டில் நைஜீரியா என்றால் தூரத்து நாடு இல்லை, தெரிந்தவர்கள் ஊர்.

1994 உலகக் கோப்பையில் நைஜீரியா முதல் முறையாக ஆடியது. இத்தாலிக்கு எதிரான நாக் அவுட் ஆட்டம் நம் நேரத்துக்கு ராத்திரி பத்தரை மணிக்குத் தொடங்கியது. அமுனிகே 25ஆவது நிமிடத்தில் கோல் போட்டார். ஜெயித்துவிட்டோம் என்று நான் குதித்துக்கொண்டிருந்தபோது 88ஆவது நிமிடத்தில் பாஜியோ சமன் செய்தார், அப்புறம் கூடுதல் நேரத்தில் பெனால்டியும் போட்டார். நான் அழுதேன். அப்பா சொன்னார்: “இந்த டீமோட கேப்டன் இன்னைக்கு ஆடல பாப்பா. வெளிய உக்காந்திருக்கான். பேரு கேஷி. ஸ்டாப்பர். இவங்களை எல்லாம் இங்க கொண்டுவந்து சேர்த்ததே அவன்தான்.” எனக்கு அப்போது ஒன்பது வயது. பின்னால் நானும் ஸ்டாப்பராகத்தான், அதாவது தடுப்பு வரிசையின் நடுவில் நின்றுதான் ஆடினேன். 24 வயதில் முழங்கால் லிகமென்ட் கிழியும் வரைக்கும்.

சரி, கடைக்கு வருகிறேன்.

முதல் நாள் போனபோது பாய் விலை பேசவில்லை. “எந்தத் தரையில ஆடுறாங்க டீச்சர், புல்லா, மண்ணா?” என்று கேட்டார். மண் என்றதும் நான் கையில் எடுத்திருந்த மெல்லிய துணியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டார். விழுந்து சறுக்கினால் அது இழை இழையாகப் பிரிந்துவிடுமாம். டாட் நிட் என்ற துணியைக் காட்டினார். நெருங்கிப் பார்த்தால் சின்னச் சின்னப் புள்ளியாகக் காற்றுப் போகும் பின்னல். ஒரு துண்டை வெட்டி, பக்கத்திலிருந்த டம்ளர் தண்ணீரில் நனைத்து, என் புறங்கையில் போர்த்தி, டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார். “பொண்ணுங்க போடுறது. வேர்த்தா உள்ள தெரியக் கூடாது. துணி கனம் 140 ஜிஎஸ்எம்னா தெரியும், 180ல தெரியாது. பீஸுக்கு முப்பது ரூபா ஏறும், ஆனா இதுதான் எடுக்கணும்.” ஆறு வருஷமாக என் பிள்ளைகள் வேர்த்ததும் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். இதைக் கேட்காமலே சொன்ன முதல் கடைக்காரர் இவர்.

அளவு எடுப்பது அவருடைய தங்கை. உள்பக்கம் திரை போட்ட ஒரு சின்ன இடம் இருக்கிறது. மூன்று நாளில் பிள்ளைகளை நான்கு, ஐந்து பேராக அழைத்துப் போனேன். ஸ்மால், மீடியம் என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல் ஒவ்வொருத்திக்கும் தோள், அக்குள், இடுப்பு எல்லாம் தனித்தனியாக எடுத்தார். ஆண்கள் ஜெர்சியைச் சின்னதாக வெட்டித் தருவதுதான் மற்ற இடங்களில் வழக்கம். அதில் அக்குள் ஓட்டை பெரிதாக இருக்கும், கையைத் தூக்கினால் சங்கடம். இந்த அக்கா அதைக் குறைத்து, கழுத்தையும் கொஞ்சம் ஏற்றித் தைத்தார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

நான் ஊர்களை நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். கம்ப்யூட்டரில் உட்காரும் தம்பி அதை எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டே வந்தான்.

“மிஸ், அசாரே 1962?”

“அவர் பிறந்த ஊர். நைஜீரியாவோட வடக்குப் பக்கம்.”

“அபிஜான் 1985?”

அங்கேதான் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அபிஜான் ஐவரி கோஸ்ட்டில் இருக்கிறது. 1984இல் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி ஆட்டம் அந்த ஊரில்தான் நடந்தது. நைஜீரியா கேமரூனிடம் 3-1 என்று தோற்றது. அடுத்த வருஷமே நைஜீரியக் கால்பந்துச் சங்கம் கேஷியைத் தடை செய்தது. இருபத்து மூன்று வயது. ஊரில் ஆட முடியாது. அவர் தோற்ற அதே ஊருக்கே போய் ஒரு கிளப்பில் சேர்ந்தார். அங்கிருந்து 1986இல் பெல்ஜியத்தின் லோக்கரன், மறு வருஷம் பிரஸ்ஸல்ஸின் ஆண்டர்லெக்ட். அதுவரைக்கும் நைஜீரிய ஆட்டக்காரர்கள் ஐரோப்பாவுக்குப் போவது அபூர்வம். இவர் போன பாதையில் சியாசியா லோக்கரனுக்குப் போனார், அமோகாச்சி புரூக் கிளப்புக்குப் போனார், அப்படியே வரிசை நீண்டது. தடை போட்டுத் துரத்தப்பட்டவர் போன வழிதான் அந்த நாட்டுக்கே வழியானது. இதை நான் சொல்லும்போது தம்பி மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டான். பாயும் இஸ்திரியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்து நின்றார்.

ஆண்டர்லெக்ட்டில் நான்கு வருஷம். இரண்டு முறை பெல்ஜியக் கோப்பை, 1991இல் லீக் சாம்பியன். 1990இல் ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போய் சம்ப்டோரியாவிடம் தோற்றார்கள். அப்புறம் பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர். இடையில் 1988இல் காஸாபிளாங்காவில் இன்னோர் ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி, மறுபடியும் கேமரூன், மறுபடியும் தோல்வி, இந்த முறை 1-0. துனிஸ் 1994 என்ற ஜெர்சிக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது. பத்து வருஷம் தோற்றுத் தோற்றுத்தான் அங்கே ஸாம்பியாவை 2-1 என்று ஜெயித்தார்கள். அந்த ஸாம்பியா அணியும் சாதாரண அணி இல்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் காபோன் கடலில் விமானம் விழுந்து ஏறக்குறைய அணியே மொத்தமாகப் போயிருந்தது. புதிதாகக் கட்டிய அணியை வைத்துக்கொண்டு இறுதி வரை வந்தவர்கள்.

பாஸ்டன் 1994, அந்த உலகக் கோப்பையில் கேஷி ஆடிய ஒரே ஆட்டம். கிரீஸுக்கு எதிராக, 2-0. நான்காம் நம்பர் ஜெர்சி.

“பெர்லிஸ் எங்க மிஸ் இருக்கு?” என்றான் தம்பி. மலேசியாவின் வடகோடியில், தாய்லாந்து எல்லையில் இருக்கும் குட்டி மாநிலம். ஆட்ட வாழ்க்கையின் கடைசிப் பகுதியில் கேஷி அங்கே போய் ஆடினார். பாயின் மாமா மலேசியாவில் இருக்கிறாராம். “நம்ம ஆளுங்க இருக்கிற இடத்துக்கெல்லாம் வந்திருக்காரே” என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

லோமே 2005 பற்றி நான் கடையில் விரிவாகச் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். லோமே டோகோ நாட்டின் தலைநகரம். சின்ன நாடு, உலகக் கோப்பையைக் கண்ணால் பார்த்தது கிடையாது. பயிற்சியாளராக மாறிய கேஷி அந்த அணியை எடுத்துக்கொண்டார். 2002இல் கால் இறுதி வரை போன செனகல் இருந்த பிரிவில் முதலிடம் பிடித்து, 2006 உலகக் கோப்பைக்கு டோகோவைத் தகுதி பெற வைத்தார். அதற்கடுத்த ஆப்பிரிக்கக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோற்றதும் அவரை எடுத்துவிட்டு, ஓட்டோ ஃபிஸ்டர் என்ற ஜெர்மானியரைப் போட்டார்கள். உலகக் கோப்பைக்கு அணியை அழைத்துப் போனவர் அவர்தான். அங்கேயும் டோகோ மூன்று ஆட்டமும் தோற்றது.

எனக்கும் ஒரு முறை அப்படி நடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறொரு பள்ளியில் நான் இரண்டு வருஷம் தயார் செய்த அணி மாநிலப் போட்டிக்குத் தேர்வானது. ரயிலேறும் நாளில் அழைத்துப் போனது வேறொருவர். ‘அனுபவம் உள்ளவர் போகட்டும்’ என்று சொல்லப்பட்டது. காட்பாடி ஜங்ஷன் பிளாட்ஃபாரத்தில் நின்று கை அசைத்துவிட்டு வீட்டுக்கு வந்து நாள் முழுக்கப் படுத்திருந்தேன். சாயங்காலம் அப்பாதான் டோகோ கதையைச் சொன்னார். மைதானத்தில் ஆடும்போது நம் காலுக்கு வந்த பந்தை யாரும் பிடுங்கிக்கொண்டு போக முடியாது, போனால் துரத்தி மீட்கலாம். கோட்டுக்கு வெளியே நிற்பவருக்கு அந்த வழி இல்லை. கேஷி என்ன செய்தார் என்று பார்த்து நடந்துகொள் என்றார் அப்பா. கேஷி பின்னால் வேறு வேலைக்குப் போனார். மாலி நாட்டுக்கு, பமாகோ 2008.

ஆர்டர் கொடுத்து நான்காம் நாள் பாய் போன் செய்தார். பள்ளியில் காலை அசெம்பிளி முடிந்த நேரம்.

“டீச்சர், ஒரு சந்தேகம். பதிமூணு ஊருக்கு வருஷம் எழுதியிருக்கீங்க. பெனின் சிட்டிக்கு மட்டும் இல்ல. விட்டுப்போச்சா, இல்ல அப்படித்தானா?”

சொன்னேன். பெனின் சிட்டியில் நியூ நைஜீரியா பேங்க் அணிக்கு ஆடித்தான் கேஷி வாலிபத்தில் பெயர் எடுத்தார், 1980களின் தொடக்கத்தில். அவர் இறந்ததும் அதே பெனின் சிட்டியில்தான், 2016 ஜூன் 7. மாரடைப்பு. 54 வயது. அதற்கு ஆறு மாதம் முன்பு அவர் மனைவி புற்றுநோயில் போயிருந்தார்.

“எந்த வருஷத்தைப் போடுறது பாய், நீங்களே சொல்லுங்க.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. “காலியாவே விடுறேன் டீச்சர். ஆனா நடுவுல கொண்டுவர மாட்டேன். மத்ததுல எப்படி இருக்கோ, அப்படியே இடது பக்கம் தொடங்கி, வருஷத்துக்கு உள்ள இடத்தை அப்படியே விட்டுடுறேன்.”

அந்தக் கடைக்கு நான் எத்தனை முறை வேண்டுமானாலும் போவேன் என்றால் இந்த ஒரு போனுக்காகத்தான். கேட்காமலே ஒரு வருஷத்தைப் போட்டிருக்கலாம். கேட்காமலே விட்டிருக்கலாம். பதினான்கு பீஸ் ஆர்டரில் ஒரு பீஸின் அடி விளிம்பில் இருக்கும் அரை அங்குல எழுத்துக்காக ஒருவர் போன் செய்து கேட்கிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் குறை தமிழ் எழுத்து. தம்பி யூனிகோடில் டைப் செய்து அவர்களுடைய டிசைன் மென்பொருளில் ஒட்டினான். போனில் எனக்கு அனுப்பிய படத்தில் எழுத்து சரியாகத்தான் இருந்தது. ஆனால் வினைல், அதாவது எழுத்துக்கான பிளாஸ்டிக் தாள் வெட்டும் மிஷினுக்குப் போகும்போது கொம்பு இடம் மாறிவிட்டது. ‘கே’யின் கொம்பு ‘க’வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. என் பதினான்கு ஊர்களில் ஒன்பதில் கொம்பு இருக்கிறது. கையில் போடும் பெயரிலும் இருக்கிறது. தம்பி கவனிக்காமல் இரண்டு ஜெர்சியில் கைப் பெயரை அழுத்தியும் விட்டான். தையல் அக்காதான் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னார்.

சரி செய்ததும் அவர்தான். அந்தக் காலத்தில் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவர். டைப்ரைட்டரில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்க வேண்டும். அதே முறையில் ஓடும் ஒரு பழைய எழுத்துருவைக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்து, மொத்தத்தையும் அவரே உட்கார்ந்து அடித்துக் கொடுத்தார். அதிலிருந்து ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. தமிழில் போடச் சொல்பவர்கள் போனில் வரும் படத்தை நம்பாதீர்கள். வெட்டிய வினைலை நேரில் போய்ப் பார்த்துவிட்டு அப்புறம் அழுத்தச் சொல்லுங்கள்.

தப்பாக அழுத்திய இரண்டில் ஒன்றின் கையைப் பிரித்து வேறு துணி வைத்துத் தைத்துவிட்டார்கள். இன்னொன்றில் வினைலைச் சூடு காட்டி உரித்து, அதே இடத்தில் சரியானதை ஒட்டினார்கள். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் பழைய எழுத்தின் தடம் பளபளவென்று தெரிகிறது. அதற்கு ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டார்கள். நான் சரி என்று வாங்கிக்கொண்டேன், ஆனாலும் அந்த ஜெர்சியைப் பார்க்கும்போது மனசு கொஞ்சம் உறுத்தும்.

இரண்டாவது குறை நாள். பத்து நாள் என்றார்கள், பதினேழு நாள் ஆனது. குறுவட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தை நாங்கள் பழைய பிப் போட்டுத்தான் ஆடினோம். பாய் நேராகவே மன்னிப்புக் கேட்டார். கல்யாண சீசன் என்று காரணமும் சொன்னார். நியாயமான காரணம்தான், ஆனால் முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால் நான் ஒரு வாரம் முன்னதாகவே வந்திருப்பேன். அவர் சொல்லும் தேதியோடு பத்து நாள் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தின் தரம் பற்றி விவரமாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஏமாறுவது அங்கேதான். பாலியஸ்டர் துணியில் வெள்ளை எழுத்தை ஒட்டினால், துணியின் சாயம் சூட்டில் ஆவியாகி மெதுவாக எழுத்துக்குள் ஏறும். பச்சை ஜெர்சியில் வெள்ளை எழுத்து ஒரு மாதத்தில் பாசி பிடித்த மாதிரி ஆகிவிடும். பாய் இதை முதலிலேயே சொல்லி, பின்பக்கம் சாம்பல் நிறத் தடுப்புப் படலம் உள்ள வினைலைக் காட்டினார். விலை அதிகம். எழுத்து கொஞ்சம் கனமாக, விறைப்பாக இருக்கும். நான் அதையே போடச் சொன்னேன். வெட்டிய பிறகு எழுத்துக்குள் இருக்கும் தேவையில்லாத துண்டுகளை ஊசியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். ‘ஜோஹன்னஸ்பர்க்’கை அக்கா கிள்ளுவதைப் பார்த்தேன். ‘ன்ன’வின் சுழிக்குள் இருக்கும் கடுகளவுத் துண்டைக்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். பிறகு மிஷினில் 150 டிகிரியில் பதினைந்து விநாடி, ஆறவைத்து மேல் தாளை உரித்து, மறுபடி ஐந்து விநாடி. அந்த இரண்டாவது அழுத்தல்தான் முக்கியமாம், அதை விட்டால் ஓரம் தூக்கிக்கொள்ளுமாம்.

இப்போது இரண்டு மாதம் ஓடிவிட்டது. வாரத்துக்கு மூன்று முறை துவைக்கிறார்கள், அதுவும் எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீரில். வெள்ளை இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. பதினான்கில் ஒரே ஒரு ஜெர்சியில் நம்பரின் ஓரம் தூக்கியது. விசாரித்தால் அந்தப் பிள்ளையின் பாட்டி கல்லில் அடித்துத் துவைத்திருக்கிறார். கடைக்கு எடுத்துப் போனேன், இரண்டு நிமிஷத்தில் அழுத்திக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. உள்பக்கம் வெளியே திருப்பி, அலசிப் பிழிந்து, நிழலில் போட்டால் போதும். நம் வேலூர் வெயிலில் நேராகக் காயப்போடாதீர்கள். தையல் ஒரு இடத்திலும் விடவில்லை.

விலை: ஜெர்சி எல்லாம் சேர்த்து 340, ஷார்ட்ஸ் 140. கோல்கீப்பருக்கு வேறு நிறம் வேண்டும் என்பது விதி, அதனால் ஒன்று மட்டும் மஞ்சள், பச்சை எழுத்து. அதற்கும் அதே விலை. வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் கடை சாத்தியிருக்கும், மூன்று மணிக்கு மேல் போங்கள்.

ஜெர்சி கொடுத்த அன்று பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைத்து, யாருக்கு எந்த ஊர் என்று நானே கையில் கொடுத்தேன். யோசித்துத்தான் கொடுத்தேன். நான்காம் நம்பர் ஸ்டாப்பருக்கு ஜோஹன்னஸ்பர்க் 2013. அந்த வருஷ ஆப்பிரிக்கக் கோப்பைக்குக் கேஷி தன் சொந்த நாட்டுக்கே பயிற்சியாளராகப் போனார். ஐரோப்பாவில் ஆடுபவர்கள்தான் ஆட்டக்காரர்கள் என்று ஆகியிருந்த நேரம். இவர் நைஜீரிய உள்ளூர் லீக்கிலிருந்தும் ஆள் எடுத்தார். ஸ்டாப்பராக நின்ற ஓபோஅபோனா உள்ளூர் கிளப்காரர். இறுதி ஆட்டத்தில் புர்கினா ஃபாசோவுக்கு எதிராக விழுந்த ஒரே கோலைப் போட்ட சண்டே எம்பாவும் உள்ளூர்க்காரர்தான். ஐரோப்பாவுக்குக் கதவைத் திறந்துவிட்டவரே உள்ளூர்ப் பையன்களை நம்பினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஆப்பிரிக்கக் கோப்பையை ஜெயித்தவர்களில் எகிப்தின் எல் கோஹரிக்கு அடுத்து இரண்டாவது ஆள் இவர். அதற்கடுத்த வருஷம் பிரேசிலியா. உலகக் கோப்பையின் கடைசி பதினாறில் பிரான்சிடம் 2-0. அந்த ஜெர்சியை எங்கள் ஸ்ட்ரைக்கர் வைத்திருக்கிறாள்.

பமாகோவை ஏழாம் நம்பருக்குக் கொடுத்தேன். இரண்டு கோல் வாங்கிவிட்டால் ஓடுவதை நிறுத்திவிடும் பிள்ளை. அவளுக்காகவே ஒரு ஆட்டத்தைச் சொன்னேன். 2010 ஜனவரி, லுவாண்டா, ஆப்பிரிக்கக் கோப்பையின் முதல் ஆட்டம். அங்கோலா 4, மாலி 0. கேஷி கோட்டுக்கு வெளியே நிற்கிறார். 79ஆவது நிமிடத்தில் மாலி ஒன்று போடுகிறது. 88இல் இன்னொன்று. தொண்ணூறு நிமிடமும் தாண்டிவிட்டது, மூன்றாவது. அடுத்த நிமிடமே நான்காவது. 4-4. “அப்புறம் ஜெயிச்சாங்களா மிஸ்?” என்று கேட்டாள். இல்லை, அந்தத் தொடரில் முதல் சுற்றோடு போய்விட்டார்கள், அவர் வேலையும் போய்விட்டது என்று உள்ளதைச் சொன்னேன். அவள் ஜெர்சியைத் திருப்பி எழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஆட்டத்தில் 3-0 என்று தோற்றோம். கடைசி விசில் வரைக்கும் ஓடினாள்.

மஞ்சள் ஜெர்சிக்குப் பெனின் சிட்டி. எங்கள் கோல்கீப்பர் எட்டாம் வகுப்பு, அணியிலேயே சின்னவள். எல்லோருடையதையும் வாங்கி வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். “மிஸ், எனக்கு மட்டும் வருஷம் போடல.” பாயிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் பயிற்சிக்கு வந்தபோது பார்க்கிறேன், அந்தக் காலி இடத்தில் நீலப் பால்பாயின்ட் பேனாவால் இந்த வருஷத்தை எழுதியிருந்தாள், பாய் விட்ட இடத்துக்குள் சரியாக அடங்குகிற மாதிரி. இரண்டு துவைப்பில் அது போய்விட்டது. போன சனிக்கிழமை ஆட்டத்துக்கு வரும்போது மறுபடி எழுதியிருந்தாள்.